நடந்து சுடுபவரின் துப்பாக்கிக்கு எவ்வளவு எடை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்மாதம் சென்னையிலிருந்து வந்த கடிதங்களில் ஐந்து, ஒரே பொருளைச் சுற்றியவை. வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகளும் உறவினரும் அந்தந்த நாட்டுச் சட்டப்படி, காட்டோரங்களில் நாயோடு நடந்து பறவை சுடுவதற்கு எத்தகைய எடை குறைந்த ஷாட்கன்னை (ஒரே தோட்டாவில் பல சிறு ரவைகளை வீசும் துப்பாக்கியை) வாங்கலாம் என்பதே அது. பணியின் பொருட்டுப் பதினோரு குளிர்காலங்களை ஸ்காட்லாந்தில் கழித்து, அங்கே இந்த வகை வேட்டையில் நடந்து பழகியவன் என்ற முறையில் எல்லாவற்றுக்கும் நானே விடை எழுதுகிறேன்.

என் மகன் ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர் பகுதியில் மருத்துவராக இருக்கிறான். அங்குள்ள விவசாயி ஒருவர் தம் நிலத்தில் ‘ரஃப் ஷூட்டிங்’ செய்ய அவனை அழைத்திருக்கிறார். அவர் 12 போர் வாங்கச் சொல்கிறார். கடைக்காரரோ 20 போர்தான் இலேசு என்கிறார். நான் கல்லூரி நாளில் என்.சி.சி.யில் .22 ரைபிள் சுட்டதோடு சரி. மகனுக்கு என்ன சொல்வது?
— வாசகர், அடையாறு

பிரிட்டனில் பறவை சுடுவதில் இரண்டு முறைகள் உண்டு. ஆட்கள் வரிசையாக வந்து புதர்களைத் தட்டிப் பறவைகளை எழுப்ப, குறித்த இடத்தில் நிற்பவர்கள் தலைக்கு மேல் பறப்பவற்றைச் சுடுவது ஒரு முறை. அதில் துப்பாக்கியைச் சுமந்து நடக்க வேண்டியதில்லை, ஆனால் நிறையச் சுட வேண்டும். எனவே துப்பாக்கி சற்றுக் கனமாக இருப்பதே அங்கே நல்லது. ரஃப் ஷூட்டிங் அதற்கு நேர்மாறானது. இரண்டு மூன்று நண்பர்களும் ஒரு ஸ்பானியல் நாயுமாக, வேலியோரம், ஓடைக்கரை, பெரணி மண்டிய சரிவு, பிர்ச் மரக்கூட்டம் என்று காலை முதல் பிற்பகல் மூன்றரை வரை நடப்பார்கள். டிசம்பர் மாத ஸ்காட்லாந்தில் அதற்கு மேல் வெளிச்சம் இருக்காது. அத்தனை நடையிலும் நான் ஒரு நாளில் சுட்ட தோட்டாக்கள் பெரும்பாலும் ஐந்தாறைத் தாண்டியதில்லை. ஆறு மணி நேரம் கையில் இருந்து, சில நொடிகள் மட்டுமே தோளுக்கு வரும் கருவியை உங்கள் மகன் வாங்கப்போகிறார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

போர் என்னும் எண் எப்படி வந்தது தெரியுமா? ஒரு பவுண்டு ஈயத்தைச் சம எடையுள்ள 12 உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்துமோ அது 12 போர். 20 உருண்டைகளாக்கினால் 20 போர். ஆகவே எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும்: 12 போரின் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மி.மீ., 20 போருக்கு 15.6 மி.மீ. குழல் சிறுத்தால் துப்பாக்கியின் உடலும் சிறுக்கிறது, எடையும் குறைகிறது. ஆங்கிலேய மரபில் செய்யப்பட்ட, இரு குழல்கள் பக்கம் பக்கமாக அமைந்த 12 போர் ஏறத்தாழ 2.9 கிலோவும், அதே வகை 20 போர் 2.7 கிலோவும் இருக்கும். இடைவெளி 200 கிராம், அதாவது ஒரு டம்ளர் தண்ணீரின் எடை. மாலையில் கை அதை உணரும் என்பது உண்மைதான். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது.

நான் அப்படி முடிவு செய்து பட்டிருக்கிறேன். அங்கு போன இரண்டாம் ஆண்டு, அலுமினியக் கலப்பு உலோகத்தில் உடல் செய்த, 2.7 கிலோகூட நிறையாத ஒரு 12 போரை எடையை மட்டும் பார்த்து வாங்கினேன். ஃபெசன்ட் என்னும் கோழியினப் பறவை பெரியது என்பதால் 36 கிராம் ரவை அடைத்த தோட்டாக்களை விற்றவரே எடுத்துக் கொடுத்தார், நானும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டேன். முதல் நாள் நாலாவது தோட்டாவில் கன்னத்து எலும்பு வீங்கிவிட்டது. வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்தது. ஆனால் விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் ஒட்டிக்கொண்டு, அதைப் போக்க ஒரு குளிர்காலம் முழுவதும் தேவைப்பட்டது. 28 கிராமிலிருந்து 36 கிராமுக்குப் போகும்போது, வேகம் ஒன்றாகவே இருந்தாலும், அதே துப்பாக்கி தோளில் இடிக்கும் ஆற்றல் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். இந்தக் கணக்கை எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை.

பர்மிங்ஹாமைச் சேர்ந்த துப்பாக்கித் தயாரிப்பாளர் டபிள்யூ. டபிள்யூ. கிரீனரின் பெயரோடு வழங்கும் பழைய விதி ஒன்று இதற்குத்தான் இருக்கிறது: துப்பாக்கியின் எடை, அது வீசும் ரவையின் எடையைப் போல் 96 மடங்கு இருக்க வேண்டும். 28 கிராம் ரவைக்கு 2.7 கிலோ, 32 கிராமுக்கு 3.07 கிலோ, 36 கிராமுக்கு ஏறத்தாழ மூன்றரைக் கிலோ. எனவே இலேசான துப்பாக்கி வாங்குபவர், அதே நாளில் இலேசான தோட்டாவுக்கும் சம்மதிக்கிறார். காட்டுக்குள் அது குறையும் இல்லை. 28 கிராமில் பிரிட்டிஷ் அளவு 6-ஆம் எண் ரவைகள் 270 அளவில் இருக்கும். 25 கஜத்தில் எழும் பறவைக்கு அதுவே தாராளம்.

அடுத்தது, கையில் எடுக்கும்போது எடை எங்கே நிற்கிறது என்பது. துப்பாக்கி திறந்து மடங்கும் கீல் ஆணிக்கு அடியில் ஒரு விரலை வைத்துத் தாங்கினால், அது ஏறக்குறையச் சமமாக நிற்க வேண்டும். மிகவும் இலேசான, குழல் குட்டையான துப்பாக்கி சட்டென்று தோளுக்கு வந்துவிடும், அதே வேகத்தில் பாதி வீச்சில் நின்றும்விடும். பறவை போய்க்கொண்டிருக்கும், குழல் பின்தங்கும். லண்டனில் ராபர்ட் சர்ச்சில் 25 அங்குலக் குழல்களைப் பிரபலப்படுத்தினார். அவற்றைத் திறம்படச் சுடுபவர்கள் உண்டு. புதிதாகத் தொடங்கும் உங்கள் மகனுக்கு 28 அங்குலத்தையே சொல்வேன்.

என் முடிவு இது: 28 அங்குலக் குழல், 2.9 கிலோவை ஒட்டிய 12 போர், 28 கிராம் தோட்டா. விவசாயி சொன்னதையே நானும் சொல்கிறேன், காரணம் ஈயம். ஈய ரவைக்குத் தடை கொண்டுவரப் போவதாகப் பிரிட்டிஷ் அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. மாறிக்கொள்வதற்கு மூன்று ஆண்டு அவகாசம் என்றும் சொன்னது. ஈயத்துக்கு மாற்றாக மலிவாகக் கிடைப்பது எஃகு. எஃகு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. ஒரே எடைக்கு அதிக இடத்தை அடைக்கும். அந்த இடம் 12 போர்த் தோட்டாவில் இருக்கிறது, 20 போரில் நெருக்கடியாகிறது. பிஸ்மத் என்னும் உலோகத்தாலான ரவை 20 போருக்கு நன்றாகவே பொருந்தும், விலைதான் அதிகம். பழைய துப்பாக்கி வாங்குவதானால், எஃகு ரவைக்குச் சோதிக்கப்பட்டதா என்று குழலின் முத்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். லில்லிப் பூ வடிவ முத்திரை இருந்தால் உயர் அழுத்த எஃகுத் தோட்டாவும் தாங்கும். ஸ்பெயினின் எய்பார் நகரத்துப் பட்டறைகளில் செய்த பக்கக்குழல் துப்பாக்கிகள் பழைய விலையில் நல்ல பேரம். ஆனால் பழையவற்றில் பல ஈயத்தை மனத்தில் வைத்துச் செய்தவை.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, போலீஸ் ஸ்காட்லாந்து தரும் ஷாட்கன் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். மருத்துவத் தகவல் கேட்பார்கள், பூட்டி வைக்க இரும்புப் பெட்டி இருக்கிறதா என்று வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். சான்றிதழ் ஐந்தாண்டு செல்லும். ஃபெசன்டுக்குப் பருவம் அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை.

திருமணமாகி மின்னசோட்டா செல்கிறேன். கணவரும் அவர் நண்பர்களும் இலையுதிர் காலத்தில் ‘ரஃப்ட் கிரவுஸ்’ என்னும் காட்டுப் பறவையைச் சுடச் செல்வார்கள். நானும் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். என் உயரம் ஐந்தடி. ‘.410’ என்னும் சிறுகுழல் துப்பாக்கி வாங்கினால் இடிக்காது, தொடங்குபவர்களுக்கு அதுதான் ஏற்றது என்கிறார் கணவர். சரியா?
— வாசகி, அண்ணா நகர்

உங்கள் கணவரின் அக்கறை புரிகிறது; ஆனாலும் வேண்டாம், அம்மா. இரண்டரை அங்குல .410 தோட்டாவில் இருப்பது அரை அவுன்ஸ், அதாவது 14 கிராம் ரவை. குறிபார்ப்பதில் கைதேர்ந்தவருக்கே அது போதாமல் போகும் நாட்கள் உண்டு. தொடங்குபவர் கையில் அது பறவையைக் கொல்லாமல் காயப்படுத்தும். காயத்தோடு புதருக்குள் போய் ஒளியும் பறவையைத் தேடி நாயும் நீங்களும் அரை மணி நேரம் அலைவது மிகுந்த வேதனை. உங்களுக்கு ஏற்றது 20 கேஜ் (அமெரிக்காவில் போரை அப்படித்தான் சொல்வார்கள்), 7/8 அவுன்ஸ் தோட்டா. அது 25 கிராம். 96 மடங்குக் கணக்கில் 2.4 கிலோ போதும், நீங்கள் 2.6 கிலோவில் வாங்கினால் இடி இன்னும் மென்மையாகும். தோட்டாவின் வாயுவைக் கொண்டே அடுத்த தோட்டாவை ஏற்றும் தானியங்கி வகை, இடியைச் சற்று நீட்டிப் பரப்பிவிடும் என்பதால் தோளுக்கு இன்னும் இதமாயிருக்கும். அதை வாங்கினால் ஒன்று கவனிக்க வேண்டும்: உட்காக் போன்ற வலசைப் பறவைகளுக்கு, துப்பாக்கியில் மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏற்ற முடியாதபடி அடைப்பு போட்டிருக்க வேண்டும் என்பது அங்கே கூட்டரசுச் சட்டம்.

எடையைவிட உங்களுக்கு முக்கியம், தோளில் பதியும் கட்டையின் நீளம். கடையில் அடுக்கியிருப்பவை பெரும்பாலும் 14½ அங்குலத்தை ஒட்டியவை, ஆறடி ஆணின் கைக்கு அளந்தவை. ஐந்தடி உயரத்துக்கு 13 அங்குலத்தை ஒட்டித் தேவைப்படும். சரிபார்க்கும் வழி எளிது. துப்பாக்கி காலியாக இருப்பதைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சுவரில் உயரமாக ஒரு புள்ளியைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடி, துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுவந்து, கன்னத்தைக் கட்டையில் பதித்து, பிறகு கண்ணைத் திறங்கள். குழலின் முனையில் உள்ள மணி, குழலின் மேல் ஓடும் பட்டையின் நடுவே, அந்தப் புள்ளியின் கீழ் நின்றால் அது உங்கள் துப்பாக்கி. கட்டை அக்குளில் சிக்கி இழுத்தால் நீளம். மூக்கில் கட்டைவிரல் இடித்தால் குட்டை. கிரவுஸ் எழும் ஓசை, நெல் புடைக்கும் முறம் ஒன்று காதருகே படபடத்தது போல் இருக்கும். அதன்பின் மரங்களுக்கிடையே மறைய இரண்டு நொடி. அந்த இரண்டு நொடியில் பொருந்தாத கட்டையைச் சரிசெய்துகொள்ள நேரமில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், இது உங்களுக்கு மிக அவசியம். குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது அதற்குள்ள விலக்குகளில் ஒன்று. 1979 டிசம்பர் 31-க்குப் பின் பிறந்தவருக்கு மின்னசோட்டாவில் அந்த உரிமம் கிடைக்க, துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று வேண்டும். ஆகவே முதலில் பயிற்சி, பிறகு உரிமம், அதன்பிறகுதான் கடை. காட்டுக்குள் இடுப்புக்கு மேல் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு நிற உடை ஒன்றாவது இருக்க வேண்டும் என்பதும் அங்கே விதி.

செங்கல்பட்டுப் பக்கம் எங்களுக்கு நிலம் உண்டு. காடை, கவுதாரி, உள்ளான் எல்லாம் வருகின்றன. உரிமத்தோடு ஒரு 12 போர் வாங்கினால் சுடலாமா?
— வாசகர், தாம்பரம்

கூடாது. சொந்த நிலமாக இருந்தாலும் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் நீங்கள் சொல்லும் மூன்று பறவைகளையும் சுடுவதை முற்றாகத் தடுக்கின்றன. துப்பாக்கி உரிமம் வேட்டை உரிமம் ஆகாது. உங்கள் மாவட்டத்திலேயே வேடந்தாங்கல் இருக்கிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து ஏரிப் பறவைகளைச் சுட்டபோது, பறவை எச்சத்தால் தங்கள் வயல் விளைகிறது என்று அறிந்திருந்த ஊரார், 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு அந்த உரிமையை எழுத்தாகவே வாங்கினார்கள். அந்த மண்ணில் இருந்துகொண்டு நீங்கள் இதை விட்டுவிட வேண்டும் என்று உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

சுடும் ஆசை இருந்தால், வானில் வீசப்படும் களிமண் தட்டைச் சுடும் விளையாட்டு இருக்கிறது. புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் போட்டியில் சுட்டார். அந்தப் போட்டிக்கான துப்பாக்கி இங்கே பேசப்படுவதற்கு நேர் எதிரானது: தோட்டா 24 கிராம்தான், துப்பாக்கியோ பெரும்பாலும் மூன்றரைக் கிலோவுக்கு மேல், ஏனெனில் தகுதிச் சுற்றில் மட்டும் 125 தட்டுகளைச் சுட வேண்டும்.

என் தாத்தாவின் இங்கிலாந்து இரட்டைக்குழல் 12 போர் வீட்டில் இருக்கிறது. மிக இலேசு. குழலின் மேல் மரத்தின் ரேகை போல் வரிகள் ஓடுகின்றன. அப்பா காலமான பின் என்ன செய்வதென்று தெரியவில்லை. யார்க்ஷயரில் இருக்கும் என் பேரன், அனுப்பினால் தான் பயன்படுத்துவதாகச் சொல்கிறான்.
— வாசகர், மயிலாப்பூர்

உரிமதாரர் காலமாகிவிட்டால், துப்பாக்கி உங்கள் பெயருக்கு உரிமம் ஆகும்வரை வீட்டில் இருக்கக்கூடாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்து, எழுத்தில் ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். பிறகு சட்டப்படியான வாரிசு என்ற முறையில் மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். இதை இந்த வாரமே செய்யுங்கள், ஐயா.

அந்த ரேகைகள், இரும்பையும் எஃகையும் பட்டைகளாக முறுக்கிச் சுருட்டிப் பற்றவைத்த டமாஸ்கஸ் குழலுக்கு உரியவை. கண்ணுக்கு அத்தனை அழகான குழல் வேறில்லை. ஆனால் கரும்பொடி என்னும் பழைய வெடிமருந்தின் காலத்தில் பிறந்தது அது. இன்றைய தோட்டாவை அதில் போடலாமா என்பதை, சுவரின் கனத்தை அளந்து முத்திரைகளைப் படிக்கத் தெரிந்த துப்பாக்கித் தச்சர்தான் சொல்ல வேண்டும். எஃகு ரவைக்கு ஒருபோதும் ஆகாது. தோட்டா அறையின் நீளம் இன்னொரு கண்ணி. அக்காலத்தவை பெரும்பாலும் 65 மி.மீ. அறை கொண்டவை, இன்றைய தோட்டாக்களில் பல 70 மி.மீ. அந்த 70 என்பது சுட்டபின் வாய் விரிந்த நிலையில் உள்ள நீளம். சுடாத தோட்டா குட்டையாக இருப்பதால் பழைய அறைக்குள் தாராளமாக நுழைந்துவிடும், அதனால் ஆள் ஏமாந்துபோகிறார். சுடும்போது விரியும் வாய்க்கு இடமின்றி அழுத்தம் ஏறுகிறது.

தச்சர் பார்க்கும்போது நீங்களும் உடன் நின்று ஒரு சோதனையைக் கேளுங்கள். குழல்களைக் கட்டையிலிருந்து கழற்றி, அடியில் உள்ள கொக்கியை ஒரு விரலில் தொங்கவிட்டு, மரக்கைப்பிடியால் மெல்லத் தட்டுவார். கோயில் மணியைப் போல நாதம் நீண்டால் இரு குழலையும் இணைத்த பற்று உறுதியாக உள்ளது. ஓட்டைப் பானையைத் தட்டியது போல அடங்கினால் பற்று விட்டிருக்கிறது. பிறகு குழலை வெளிச்சத்துக்குக் காட்டி உள்ளே விழும் நிழல் வளையங்களைப் பார்ப்பார். வளையம் எங்காவது உடைந்து வளைந்தால் அங்கே வீக்கமோ நசுங்கலோ உண்டு. மயிலாப்பூரின் கடற்காற்றில் இத்தனை ஆண்டு இருந்த இரும்புக்கு உட்புறத் துருக்குழிகள் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பேரனுக்கு அனுப்புவதற்கு இரண்டு நாட்டு அனுமதிகளும் வேண்டும். சோதனைச் செலவு தனி. அவர் அங்கேயே ஒன்றை வாங்கிக்கொள்ளட்டும். தாத்தாவின் துப்பாக்கி உங்கள் உரிமத்தில், எண்ணெய் பூசி, சுடாமல் இருக்கட்டும்.

இங்கிலாந்தில் என் அண்ணன் 12 போரும் அண்ணி 20 போரும் வைத்திருக்கிறார்கள். காட்டுக்குள் உட்காக், ஃபெசன்ட் சுட எந்தச் சோக், எந்த ரவை என்று உங்களிடம் கேட்கச் சொன்னார்கள்.
— வாசகர், வேளச்சேரி

சோக் என்பது குழலின் வாயில் உள்ள சிறு ஒடுக்கம். ரவை எவ்வளவு விரிகிறது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் விழும் ரவையின் பங்கு, ஒடுக்கமே இல்லாத சிலிண்டரில் 40 சதவீதம், கால் சோக்கில் 55, அரையில் 60, ஃபுல் சோக்கில் 70. கடையில் இந்தக் கணக்கைக் கேட்டு ஃபுல் வாங்கி வருபவர்கள் உண்டு. காட்டுக்குள் 40 கஜம் என்ற தூரமே கண்ணுக்குக் கிடைக்காது. 20 கஜத்தில் சுட வேண்டியிருக்கும். அங்கே சிலிண்டர் ஏறத்தாழ 32 அங்குலம் விரியும், ஃபுல் 16 அங்குலம்தான். உட்காக் பிர்ச் மரங்களுக்கிடையே வௌவாலைப் போல் திரும்பித் திரும்பிப் பறப்பது. 16 அங்குலத்தில் அதைப் பிடிப்பது அரிது, பிடித்தாலோ சமைக்க எதுவும் மிஞ்சாது. முதல் குழலில் சிலிண்டர், இரண்டாவதில் கால் சோக், அதற்கு மேல் வேண்டாம். எஃகு ரவை அரை சோக்கைத் தாண்டவே கூடாது.

ரவையில், ஈயமானால் ஃபெசன்டுக்கு 6, உட்காக்குக்கு 7 அல்லது 8. எண் குறைந்தால் ரவை பெரிது; எஃகானால் இரண்டு எண் குறைத்து, 6-க்குப் பதில் 4. என் மனைவி ஃபெசன்டை மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுப்பார். எஃகு ரவை வந்த பிறகு ஒவ்வொரு துண்டையும் விரலால் தடவிப் பார்த்துத்தான் சட்டியில் போட்டார், பல்லில் அகப்பட்டால் பல் போய்விடும்.

உட்காக் பருவம் இங்கிலாந்தில் அக்டோபர் 1-லேயே திறந்தாலும், பொறுப்பானவர்கள் டிசம்பர் வரை பொறுப்பார்கள். அங்கேயே குஞ்சு பொரிக்கும் உள்ளூர்ப் பறவைகள் குறைந்து வருகின்றன. வடக்கிலிருந்து வரும் குளிர்காலக் கூட்டம் அதற்குள்தான் வந்து சேர்கிறது. நம் நீலகிரிச் சோலைகளுக்குக் குளிர்காலத்தில் வருவதும் இதே இனம்தான். அண்ணனையும் அண்ணியையும் பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும், ஏனெனில் ஒரே வீட்டில் 12-உம் 20-உம் இருக்கின்றன. 20 போர்த் தோட்டாவைத் தவறிப்போய் 12 போரில் போட்டால், அது அறையைத் தாண்டி வழுக்கி உள்ளே போய்க் குழலில் சிக்கி நிற்கும். திறந்து பார்த்தால் அறை காலியாகத் தெரியும். போட மறந்துவிட்டோம் என்று எண்ணி ஒரு 12-ஐப் போட்டுச் சுட்டால், முன்னங்கை பிடித்திருக்கும் இடத்திலேயே குழல் வெடிக்கும். இதற்காகவே 20 போர்த் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். ஆனால் மழை இருட்டில், கையுறை போட்ட விரல், பைக்குள் நிறம் பார்ப்பதில்லை. இருவரும் தனித்தனித் தோட்டாப் பை வைத்துக்கொள்ளட்டும், ஒருவர் மேலங்கியை மற்றவர் போடும் நாட்களில் அதன் பைகளை வெளியே இழுத்துப் புரட்டி உதறிவிட்டுப் போடட்டும்.